எது மாறலாம், எது மாறக்கூடாது: டிசைன் பேட்டர்ன்களுக்கான முறைசார் வரைமொழிகள்

எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் ஆகிய நால்வரும் 1994இல் வெளியிட்ட ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூலில் அப்சர்வர் என்ற பேட்டர்னுக்கு ஒரு கட்டமைப்புப் படம் உண்டு. சப்ஜெக்ட் என்றொரு கட்டம், அப்சர்வர் என்றொரு கட்டம், ஒவ்வொன்றின் கீழும் ஒரு கான்கிரீட் கிளாஸ், இடையில் அம்புகள். ஆனால் அந்தப் பேட்டர்னின் உயிர்நாடி எந்த அம்பிலும் இல்லை. சப்ஜெக்டின் நிலை மாறினால், அதனிடம் பதிவு செய்துகொண்ட ஒவ்வொரு அப்சர்வருக்கும் செய்தி போக வேண்டும் என்பதுதான் உயிர்நாடி. அது படத்தின் ஓரத்தில், மூலை மடிந்த சிறு குறிப்புப் பெட்டிக்குள், நிரல் துண்டாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெட்டியை அழித்துவிட்டு மீதிப் படத்தை மட்டும் காட்டினால், இது அப்சர்வர்தான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

இந்தக் குறையிலிருந்து ஓர் ஆய்வுத்துறை கிளம்பியது. பேட்டர்னின் சாரம் குறிப்புப் பெட்டிக்குள் ஒதுங்காமல் கோட்டிலும் வடிவத்திலுமே நிற்கும்படி ஒரு வரைமொழியை உருவாக்க முடியுமா? ஒவ்வொரு கோட்டுக்கும் ஐயத்துக்கு இடமில்லாத கணிதப் பொருள் இருக்குமா? அப்படி வரைந்த படத்தை வைத்து, ஒரு நிரல் அந்தப் பேட்டர்னைப் பின்பற்றுகிறதா என்று கணினியே சொல்லுமா? 1990களின் நடுவிலிருந்து டெல் அவிவ், பிரைட்டன், கென்ட், எசெக்ஸ், கொலராடோ, ஆக்லாந்து எனப் பல இடங்களில் இதற்கு விடை தேடினார்கள். அந்த விடைகளை மதிப்பிடுவதே இக்கட்டுரை. என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இந்த முயற்சிகளின் மெய்யான வெற்றி தானியங்கிச் சரிபார்ப்பு அன்று. ஒரு பேட்டர்னில் எது கட்டாயம், எது விருப்பம் என்று பிரித்துச் சொல்லும்படி வடிவமைப்பாளரை நெருக்கியதுதான் அவற்றின் வெற்றி. அவற்றின் தோல்வியும் ஒன்று உண்டு: படம் வாசகருக்காக என்று சொல்லிக்கொண்டே வாசகரைப் போதுமான அளவு விசாரிக்காமல் விட்டது.

பேட்டர்ன் என்ற எண்ணம் கட்டடக்கலையிலிருந்து வந்தது பலருக்குத் தெரியும். கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் தோழர்களும் 1977இல் வெளியிட்ட ‘எ பேட்டர்ன் லேங்குவேஜ்’ நூலில் 253 பேட்டர்ன்கள் உள்ளன. பத்தாண்டு கழித்து, 1987இல், கென்ட் பெக்கும் வார்ட் கனிங்ஹாமும் அந்த எண்ணத்தை ஸ்மால்டாக் நிரலாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நால்வர் நூல் 23 பேட்டர்ன்களைத் தொகுத்து நிலைநிறுத்தியது. அலெக்சாண்டரிடமிருந்து மென்பொருள் உலகம் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் உரைநடை வார்ப்பைத்தான்: சூழல், சிக்கல், தீர்வு, விளைவு. ஆனால் 1979இல் வந்த ‘தி டைம்லெஸ் வே ஆஃப் பில்டிங்’ நூலில் அவர் இன்னொரு கறாரான நிபந்தனையும் வைத்திருந்தார். வரைந்து காட்ட முடியாத ஒன்றை பேட்டர்ன் என்றே அவர் ஏற்கவில்லை. படம் அவருக்கு விளக்கத்துக்கான துணைப்பொருள் அன்று. பேட்டர்னுக்கு வைத்த சோதனை. மென்பொருளாளர்கள் இந்த நிபந்தனையை மேலோட்டமாகவே நிறைவேற்றினார்கள். நால்வர் நூலின் படங்கள் அப்போது புழங்கிய ஓ.எம்.டி. குறியீட்டைத் தழுவியவை. 1997இல் யூ.எம்.எல். தரமாக ஏற்கப்பட்டதும் பேட்டர்ன் படங்களும் அதற்கு மாறின. இரண்டுமே ஒரு குறிப்பிட்ட மென்பொருளின் வடிவமைப்பை வரைவதற்காகப் பிறந்தவை. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரி பேட்டர்னை எடுத்துக்கொள்வோம். நூலின் படத்தில் இரண்டு ஃபேக்டரிகள், இரண்டு வகைப் பொருள்கள், வகைக்கு இரண்டு கான்கிரீட் கிளாஸ்கள். இந்த “இரண்டு” பேட்டர்னின் பகுதியா? இல்லை என்று வாசகருக்குத் தெரியும்; படத்துக்குத் தெரியாது. ஐந்து ஃபேக்டரிகளும் ஒன்பது பொருள்வகைகளும் இருந்தாலும் அது அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரிதான். கட்டாயமானது வேறு: ஒவ்வொரு ஃபேக்டரியும் ஒவ்வொரு பொருள்வகைக்கும் தன் குடும்பத்தைச் சேர்ந்த சரியாக ஒரு பொருளை உருவாக்க வேண்டும். அந்த விதியைப் படம் எங்குமே சொல்லவில்லை. ஓர் எடுத்துக்காட்டை வரைந்துவிட்டு, “இதைப் போல” என்று வாசகரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது. ஒரே பேட்டர்னுக்கு முடிவற்ற உருவங்கள் உண்டு. ஒரு முடிவுள்ள படத்தால் அந்த முடிவற்ற குடும்பத்தை எப்படிக் குறிப்பது? அம்னான் ஈடனும் ரிக் கஸ்மனும் 2003இல் இந்த அளவுகோலையும் கொண்டு கட்டுமானம், வடிவமைப்பு, நிரல் ஆகிய மூன்று நிலைகளைப் பிரித்தார்கள். நிரல் குறிப்பிட்ட ஒன்றைப் பேசுகிறது. வடிவமைப்பு, எத்தனை உருவங்களிலும் மெய்யாகக்கூடிய விதியைப் பேசுகிறது.

முடிவற்ற குடும்பத்தை முடிவுள்ள வரைவிதியால் குறிப்பது மென்பொருளுக்கே உரிய சிக்கல் அன்று. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, புள்ளிக் கோலங்களுக்கு அணி இலக்கணம் எழுதி 1974இல் வெளியிட்டார்கள். ஒரு கோலத்தை வரைந்து காட்டுவது அவர்கள் நோக்கமில்லை. எத்தனை புள்ளிக்கும் விரிந்துகொண்டே போகும் ஒரு கோல வகையை, சில விதிகளால் பிறப்பித்துக் காட்டினார்கள். சொற்கள் வரிசையாக நிற்கும் மொழிக்கு இலக்கணம் உண்டு என்பதை நோம் சாம்ஸ்கி வழியே கணினியியல் ஏற்றுக்கொண்டிருந்தது. இரண்டு பரிமாணத்தில் பரவும் படத்துக்கும் அதே கறாரோடு இலக்கணம் எழுதலாம் என்பதற்கு அந்தப் பணி அழகான சான்று. வரைமொழி என்றாலே தளர்வானது என்ற எண்ணம் தவறு.

இருந்தும் அந்த எண்ணம் நெடுங்காலம் ஆட்சி செய்தது. ஆய்லரின் வட்டங்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. ஜான் வென் 1880இல் தன் படங்களை வெளியிட்டார். சார்லஸ் பியர்ஸ் தர்க்கம் முழுவதையும் வரைபடங்களாக எழுதப் பார்த்தார். இருபதாம் நூற்றாண்டின் தர்க்கவியலோ படத்தை நிறுவலின் பகுதியாக ஏற்கவில்லை. கற்பிக்கும் துணை என்று ஓரங்கட்டியது. 1994இல் சன்-ஜூ ஷின் வென் படங்களுக்குத் தெளிவான இலக்கணமும் அனுமான விதிகளும் வகுத்து, அந்த முறை பிழையற்றது, முழுமையானது என்று நிறுவிக் காட்டினார். அந்தத் தடை அதோடு உடைந்தது. மென்பொருள் பக்கம் டேவிட் ஹாரெல் முன்பே வழி திறந்திருந்தார். விமான மின்னணுக் கருவிகளின் நடத்தையை விவரிக்கப் போய் ஸ்டேட்சார்ட் முறையை உருவாக்கியவர் அவர். ‘விஷுவல் ஃபார்மலிசம்’ பற்றி 1988இல் அவர் எழுதிய கட்டுரை, படமும் கணிதமும் ஒன்றாகவே இருக்கலாம் என்ற நம்பிக்கையை இத்துறைக்குத் தந்தது.

இந்த இரண்டு ஓடைகளும் ஸ்டூவர்ட் கென்டிடம் கலந்தன. 1997இல் அவர் முன்வைத்த கன்ஸ்ட்ரெயின்ட் டயகிராம், வென் படத்தின் வட்டங்களையும் யூ.எம்.எல். உறவுகளையும் இணைத்தது. வட்டம் ஒரு கணம். அதற்குள் இருக்கும் புள்ளி, இருக்கிற ஏதோ ஓர் உறுப்பு. நட்சத்திரம், ஒவ்வோர் உறுப்பும். அம்பு, ஓர் உறவின் வழியே சென்றடையும் உறுப்புகளின் கணம். அடுத்த ஆண்டே அந்தோனி லாடரும் கென்டும் சேர்ந்து, பேட்டர்ன்களை இந்தக் குறியீட்டால் மூன்று அடுக்காக விவரித்தார்கள். மேலடுக்கில் பாத்திரங்கள் மட்டும்: பேட்டர்னின் பிழிந்தெடுத்த சாரம். நடு அடுக்கில் அந்தப் பாத்திரங்களுக்கு வகைகளும் செயல்களும். கீழடுக்கில் ஒரு குறிப்பிட்ட மென்பொருளின் கிளாஸ்கள். கீழடுக்கு நடு அடுக்கின் செம்மையாக்கமா, நடு அடுக்கு மேலடுக்கின் செம்மையாக்கமா என்பதை நிறுவிக் காட்ட வேண்டும்.

இந்த மூன்றடுக்குப் பிரிப்பை இத்துறையின் மிகச் சிறந்த எண்ணங்களில் ஒன்றாகக் கருதுகிறேன். நால்வர் நூலின் படங்கள் உண்மையில் நடு அடுக்கில் நிற்பவை. அட்டாச், டிடாச், நோட்டிஃபை என்று மெத்தட் பெயர்களே வந்துவிடுகின்றன. பேட்டர்னைப் படிக்கும் இளம் நிரலாளர் அந்தப் பெயர்களையும் அந்த இன்ஹெரிட்டன்ஸ் வரிசையையும் அப்படியே தன் நிரலில் பெயர்த்து வைப்பது ஏன்? படம் அவற்றைக் கட்டாயமானவை போலக் காட்டுவதால்தான். சாரத்தைத் தனி அடுக்கில் வைத்தால் அந்த மயக்கம் போய்விடும்.

ஆனால் கன்ஸ்ட்ரெயின்ட் டயகிராமில் ஒரு கண்ணி மறைந்திருந்தது. ஃபேக்டரிகள் என்ற வட்டத்தில் ஒரு நட்சத்திரம். பொருள்கள் என்ற வட்டத்தில் ஒரு புள்ளி. நட்சத்திரத்திலிருந்து கிளம்பும் ‘உருவாக்குகிறது’ என்ற அம்பு அந்தப் புள்ளியை அடைகிறது. ஒவ்வொரு ஃபேக்டரிக்கும் அதற்கென ஒரு பொருள் இருக்கிறது என்று இதைப் படிக்கலாம். எல்லா ஃபேக்டரிகளும் உருவாக்குகிற ஒரே ஒரு பொருள் இருக்கிறது என்றும் படிக்கலாம். இரண்டும் முற்றிலும் வேறான கூற்றுகள். எழுத்தில் சொற்களின் வரிசை எது முதலில் என்று காட்டிவிடுகிறது. படத்துக்கு இயல்பான வரிசை கிடையாது. எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் படுகின்றன. படத்தின் பலம் எதுவோ அதுவே இங்கே பலவீனமாகிறது. பிரைட்டன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஃபிஷ், ஜீன் ஃப்ளவர், ஜான் ஹவ்ஸ் ஆகியோர் இதற்காகவே உழைத்தார்கள். எதை முதலில் படிக்க வேண்டும் என்று சொல்லும் வாசிப்பு மரம் ஒன்றைப் படத்தோடு சேர்த்தார்கள். பொருள் மயக்கம் தீர்ந்தது. விலையும் இருந்தது: ஒரு படத்தைப் படிக்க இப்போது இன்னொரு படம் வேண்டும். அம்பில்லாத எளிய உடன்பிறப்பான ஸ்பைடர் டயகிராம், ஓரிட உறவுகளும் சமத்துவமும் மட்டும் கொண்ட முதல்நிலைத் தர்க்கத்துக்குச் சமம் என்று நிறுவப்பட்டது. அந்த எல்லைக்குள் எந்தக் கூற்றையும் கணினி தீர்மானித்துவிடும். அம்பு வந்ததும் அந்த உறுதி கைநழுவுகிறது. பேட்டர்ன்களுக்கோ அம்பு இல்லாமல் ஆகாது.

எதிர்த்திசையில் போனது லெபஸ் என்ற வரைமொழி. டெல் அவிவில் அம்னான் ஈடனும் சகாக்களும் 1990களின் பிற்பகுதியில் இதைத் தொடங்கினார்கள். ஈடன் பின்னர் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடு இதை லெபஸ்3 ஆக வளர்த்தார். 2011இல் ‘கோட்சார்ட்ஸ்’ என்ற நூலாகவும் எழுதினார். கென்டின் வழி, தர்க்கத்தின் முழு ஆற்றலையும் படத்துக்குக் கொடுப்பது. லெபஸின் வழி, பேட்டர்ன்களில் திரும்பத் திரும்ப வரும் சில கட்டுமானக் கற்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றுக்கு மட்டும் வடிவம் கொடுப்பது. செவ்வகம் ஒரு கிளாஸ். பின்னால் நிழலோடு இரட்டித்த செவ்வகம் கிளாஸ்களின் கணம். முக்கோணம் ஒரு முழு இன்ஹெரிட்டன்ஸ் மரம், அதில் எத்தனை கிளைகள் இருந்தாலும். நீள்வட்டம் ஒரு மெத்தடின் கையொப்பம். நீள்வட்டத்தை முக்கோணத்தின் மேல் ஏற்றி வரைந்தால், அந்த மரம் முழுவதும் அந்தக் கையொப்பத்தோடு இருக்கும் மெத்தட்களின் குடும்பம்.

அம்புகளில்தான் நுட்பம் இருக்கிறது. ஒற்றைத் தலை அம்பு, முதல் கணத்தின் ஒவ்வோர் உறுப்பும் இரண்டாவதில் ஏதோ ஒன்றோடு உறவு கொண்டிருப்பதைக் குறிக்கும். இரட்டைத் தலை அம்பு, ஒன்றுக்கு ஒன்றாக இரு கணங்களும் பொருந்துவதைக் குறிக்கும். ஃபேக்டரி மெத்தட் பேட்டர்னை இதில் வரைந்தால் ஒரு முக்கோணம், அதன்மேல் ஒரு நீள்வட்டம், அதிலிருந்து இன்னொரு முக்கோணத்துக்கு ‘உருவாக்கித் தருகிறது’ என்ற இரட்டைத் தலை அம்பு, அவ்வளவே. படைக்கும் கிளாஸ்கள் இரண்டோ இருபதோ, படம் மாறாது. நூலின் படம் எடுத்துக்காட்டால் கோடிகாட்டியதை இது விதியாகவே சொல்லிவிடுகிறது. “எல்லாவற்றுக்கும்”, “ஏதோ ஒன்று” என்ற சொற்களின் வரிசைச் சிக்கலும் எழுவதில்லை. அவை அம்பின் பொருளுக்குள்ளேயே தைக்கப்பட்டுவிட்டன. பேட்டர்ன் குடும்பத்தை வரைவது என்ற வேலையில் இதைவிடச் சிக்கனமான குறியீட்டை நான் கண்டதில்லை.

சிக்கனத்துக்குக் காரணம், தெரிந்தே செய்துகொண்ட துறவு. லெபஸ்3 நிரலை ஓட்டாமலே, எழுத்தில் உள்ளதை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கக்கூடியவற்றையே பேசுகிறது. ஒரு மெத்தட் இன்னொன்றை அழைக்கிறது என்று சொல்லும். நிலை மாறிய பிறகுதான் அழைக்கிறது என்று சொல்லாது. நிரலின் நடத்தை பற்றிய அற்பமல்லாத எந்தப் பண்பையும் பொதுவாகத் தீர்மானிக்கும் வழி கிடையாது என்று ஹென்றி ரைஸ் 1953லேயே நிறுவியிருக்கிறார். எனவே பொத்தானை அழுத்தியதும் ஆம் அல்லது இல்லை என்று பதில் வேண்டுமென்றால், நடத்தையை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஈடன் குழு இந்தப் பேரத்தை மறைக்காமல் செய்தது, அது பாராட்டத்தக்கது. ஜாவா நிரல் ஒன்றைக் கொடுத்து, வரைந்த படத்தோடு பொருந்துகிறதா என்று சோதிக்கும் கருவியையும் உருவாக்கினார்கள். ஆனால் அப்சர்வரின் உயிர்நாடி வரிசைமுறை சார்ந்தது: மாற்றம் முன்னே, செய்தி பின்னே. லெபஸ் அங்கே மௌனமாகிவிடுகிறது.

நடத்தையை விட மறுத்தவர்கள் பெரும்பாலும் எழுத்துக்குத் திரும்பினார்கள். டொம்மி மிக்கோனென் 1998இல் டிஸ்கோ என்ற முறையில் பேட்டர்ன்களை, லெஸ்லி லாம்போர்ட்டின் காலத் தர்க்கத்தின் அடிப்படையில் செயல்களாக எழுதினார். தௌஃபிக் தைபியும் டேவிட் இங்கோவும் கட்டமைப்புக்கு முதல்நிலைத் தர்க்கம், நடத்தைக்குக் காலத் தர்க்கம் என்று இரண்டையும் ஒட்டினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்தின் இயன் பெய்லியும் ஹாங் சூவும் 23 பேட்டர்ன்களுக்கும் தர்க்க வாய்பாடுகள் எழுதி, பேட்டர்ன்களை ஒன்றோடொன்று சேர்க்கும் இயற்கணிதம் வரை போனார்கள். துல்லியத்தில் இவை குறைவற்றவை. ஆனால் ஒரு பக்க வாய்பாட்டைப் பார்த்து “அட, இது டெக்கரேட்டர் அல்லவா” என்று பணியிடத்தில் யாரும் சொல்லப்போவதில்லை.

நடுவே ஒரு சமரசப் பாதையும் உண்டு: யூ.எம்.எல்.லையே நீட்டுவது. யூ.எம்.எல்.லில் பேட்டர்னுக்கென ஒரு குறி ஏற்கெனவே இருக்கிறது, உடைந்த கோட்டு நீள்வட்டம். எந்தக் கிளாஸ் எந்தப் பாத்திரத்தை ஏற்கிறது என்று மட்டும் அது காட்டும். பங்கேற்பாளர் எண்ணிக்கை மாறக்கூடிய பேட்டர்னுக்கு அது போதாது என்று அலன் லெ கெனெக், கெர்சன் சுன்யே, ழான்-மார்க் ழெசெக்கெல் மூவரும் 2000இல் காட்டினார்கள், பேட்டர்னை யூ.எம்.எல்.லின் மெட்டாமாடல் நிலையில் வைத்து எழுதச் சொன்னார்கள். கொலராடோவில் ராபர்ட் ஃபிரான்ஸ், டே-கியூ கிம் குழுவினர் 2004இல் முன்வைத்த ஆர்.பி.எம்.எல். இதே எண்ணத்தைப் புழங்கத்தக்கதாக்கியது. பெயருக்கு முன் ஒரு செங்குத்துக் கோடு போட்டால் அது கிளாஸ் அன்று, ஒரு கிளாஸ் ஏற்க வேண்டிய பாத்திரம். அந்தப் பாத்திரத்தை எத்தனை பேர் ஏற்கலாம் என்றும் எழுதலாம். ஆக்லாந்தின் டி.பி.எம்.எல். ‘பரிமாணம்’ என்ற ஒன்றைச் சேர்த்தது: இரண்டு பாத்திரங்களுக்கு ஒரே பரிமாணம் கொடுத்தால் இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். பழகிய குறியீடு என்பது இவற்றின் பெரும் பலம். ஆனால் நுணுக்கமான நிபந்தனைகள் இங்கேயும் ஓ.சி.எல். என்ற எழுத்து மொழிக்குள் போய்விடுகின்றன. குறிப்புப் பெட்டி போகவில்லை. அதற்குள் இருந்த எழுத்து கணிதமாயிற்று.

பேட்டர்னை இப்படி வரையறுத்தபின் என்ன செய்யலாம்? சரிபார்ப்பு ஒன்று. சேர்க்கை இன்னொன்று: ஒரே கிளாஸ் காம்போசிட்டிலும் அப்சர்வரிலும் பங்கேற்கும்போது, எந்தப் பேட்டர்னின் எந்தப் பாத்திரம் என்பது படத்தில் கரைந்துபோகிறது. கிளாஸின் அருகே ‘பேட்டர்ன்: பாத்திரம்’ என்று சிறு நிழற்பட்டையில் எழுதும் வழக்கத்தை நால்வரில் ஒருவரான விலிசிடிஸ் தன் இதழ்ப் பத்தியில் பரப்பினார். கணிதம் ஏதுமில்லாத அந்த எளிய பட்டை, நான் பார்த்த பல முறைசார் குறியீடுகளைவிட நடைமுறைக்கு உதவுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கண்டறிதல்: யாரோ எழுதிய பழைய நிரலில் எந்தெந்தப் பேட்டர்ன்கள் மறைந்திருக்கின்றன என்று தேடுவது. நிகோலாவோஸ் சாண்டாலிஸ் குழுவினர் 2006இல் கிளாஸ் உறவுகளை அணிகளாக்கி, ஒப்புமை மதிப்பெண்ணால் தேடினார்கள். ஜேஹாட்ட்ரா, ஜேயூனிட் போன்ற திறந்த நிரல்களில் சோதித்தார்கள். முடிவுகளை அறிவிக்கும்போது ஸ்டேட்டையும் ஸ்ட்ராடஜியையும் ஒரே தலைப்பின் கீழ் சேர்த்தே சொன்னார்கள். வேறு வழியில்லை. இரண்டின் கட்டமைப்பும் ஒன்றுதான்: ஒரு சூழல் கிளாஸ், அது சுட்டும் ஓர் இன்டர்ஃபேஸ், அதன் கீழ் மாற்றுகள். ஒன்றில் பொருள் தன் நிலைக்கேற்பத் தானே நடத்தையை மாற்றிக்கொள்கிறது. மற்றொன்றில் பெரும்பாலும் வெளியிலிருப்பவர் ஒரு வழிமுறையைத் தேர்ந்து கொடுக்கிறார். வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. நோக்கத்துக்கு வடிவம் கிடையாது.

பேட்டர்ன் சமூகத்தில் பலர் இதைச் சுட்டிக்காட்டியே முறைப்படுத்தலை எதிர்த்தார்கள். பேட்டர்ன் என்பது சிக்கலும் சூழலும் எதிரெதிராக இழுக்கும் தேவைகளும் சேர்ந்தது. தீர்வின் எலும்புக்கூட்டை மட்டும் உருவி எடுத்துக் கணிதமாக்கினால் பேட்டர்னே செத்துவிடும் என்பது அவர்கள் வாதம். பாதி ஏற்கிறேன். ஸ்டேட்டையும் ஸ்ட்ராடஜியையும் பிரிக்காத குறியீடு, எதை எப்போது தேர்வது என்று வடிவமைப்பாளருக்குச் சொல்லாது. மறுபாதியை ஏற்க முடியவில்லை. இரண்டும் கட்டமைப்பில் ஒன்றே என்ற உண்மையை ஐயமறச் சொல்ல ஒரு கறாரான மொழி வேண்டியிருக்கிறது. எலும்பு எது, தசை எது என்று தெரிந்துகொள்வதற்காக எலும்பை வரைவது தசையை மறுப்பதாகாது. காம்போசிட், டெக்கரேட்டர், ப்ராக்ஸி மூன்றின் உறவை நால்வர் நூலே பக்கம் ஒதுக்கிப் பேசுகிறது. முறைசார் படத்தில் அந்த உறவு ஓர் அம்பின் மாற்றமாகவோ ஒரு கணம் ஒற்றை உறுப்பாகச் சுருங்குவதாகவோ பளிச்சென்று தெரியும்.

இன்னொரு எதிர்ப்பை நான் இதைவிடக் கனமாக எடுத்துக்கொள்கிறேன். 1996இல் பீட்டர் நார்விக், டைலன், லிஸ்ப் போன்ற மொழிகளில் 23 பேட்டர்ன்களில் 16 எளிமையாகிவிடும் அல்லது கண்ணுக்கே தெரியாமல் போகும் என்று காட்டினார். ஃபங்ஷனையே ஒரு மதிப்பாகக் கைமாற்ற முடிகிற மொழியில் ஸ்ட்ராடஜிக்கு இன்ஹெரிட்டன்ஸ் மரம் எதற்கு? முக்கோணத்தையும் செவ்வகத்தையும் அடிப்படை எழுத்துகளாகக் கொண்ட லெபஸ், 1990களின் சி++, ஜாவா உலகத்தைத் தன் நெடுங்கணக்கிலேயே பதித்துவிட்டது. கென்டின் வட்டங்கள் இதில் தப்பிவிடுகின்றன. அவை கணங்களையும் உறவுகளையும் பேசுகின்றன. கிளாஸைப் பேச வேண்டிய கட்டாயம் அவற்றுக்கில்லை. சிக்கனம் வேண்டுமென்றால் ஒரு காலத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. பொதுமை வேண்டுமென்றால் வாசிப்பு மரம் சுமக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒருசேர வென்ற வரைமொழி எதையும் நான் பார்க்கவில்லை.

வாசகருக்கு வருவோம். ஜில் லார்கினும் ஹெர்பர்ட் சைமனும் 1987லேயே ஒரு தெளிவைத் தந்திருந்தார்கள்: படத்தில் எழுத்தைவிடக் கூடுதல் தகவல் இருப்பதில்லை, தேடுவதும் அடையாளம் காண்பதும் எளிதாகிறது. அதுவும் படம் நன்றாக அமைந்தால் மட்டும். மரியான் பீட்டர் 1995இல், படத்தைப் படிப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய திறமைதான் என்று காட்டினார். தேர்ந்தவர்கள் கட்டங்களை அடுக்கும் விதத்திலேயே இலக்கணத்தில் இல்லாத பொருளையும் வைக்கிறார்கள். புதியவர்களுக்கு அது புலப்படுவதில்லை. முறைசார் வரைமொழிகள் இந்த இரண்டாம் நிலைக் குறிப்புகளுக்குப் பொருள் தர மறுக்கின்றன. கட்டத்தை எங்கே வைத்தாலும் கணிதப் பொருள் ஒன்றே. கணிதத்துக்கு அது நல்லது. கண்ணுக்கு அது இழப்பு. டேனியல் மூடி 2009இல், குறியீடுகளின் காட்சி வடிவத்தை எப்படித் தேர்வது என்பதற்கு ஒன்பது கொள்கைகள் வகுத்தார். குறியீடு வகுப்பவர்கள் பொருளைப் பற்றி நெடுநேரம் வாதிடுவதும் வடிவத்தை நியாயம் சொல்லாமலே தேர்ந்துவிடுவதும் வழக்கம் என்பது அவர் குற்றச்சாட்டு. முக்கோணம் ஏன் மரத்தைக் குறிக்கிறது என்பது ஓரளவு கண்ணுக்கே தெரிகிறது. நட்சத்திரம் ஏன் “ஒவ்வொன்றும்”, புள்ளி ஏன் “ஏதோ ஒன்று”?

பணியிடச் சான்றுகளும் நம்மை நிதானிக்க வைக்க வேண்டும். மரியான் பீட்டர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் பேட்டி கண்ட 50 தொழில்முறை மென்பொருளாளர்களில் 35 பேர் யூ.எம்.எல்.லையே பயன்படுத்தவில்லை. எல்லோருக்கும் கற்பிக்கப்பட்ட குறியீட்டுக்கே இதுதான் நிலை. லுட்ஸ் ப்ரெஷெல்ட்டும் வால்டர் டிக்கியும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட கட்டுப்படுத்திய சோதனைகள் இன்னும் கூர்மையானவை. நிரலில் எந்த இடத்தில் எந்தப் பேட்டர்ன் இருக்கிறது என்று சில கமென்ட் வரிகளைச் சேர்த்தார்கள். அந்த வரிகள் இருந்தபோது பராமரிப்பு வேலை விரைவாகவோ பிழை குறைவாகவோ நடந்தது. எந்தப் புதிய வரைமொழியும் முதலில் போட்டியிட வேண்டியது யூ.எம்.எல்.லோடு அன்று, அந்தச் சாதாரணக் கமென்ட் வரிகளோடு. இத்துறையில் நான் படித்த கட்டுரைகளில் இலக்கணத்துக்கும் பொருண்மையியலுக்கும் பத்துப் பக்கம் இருக்கும். ஒரு நிரலாளர் அந்தப் படத்தைப் பார்த்து என்ன புரிந்துகொண்டார் என்பதற்குப் பெரும்பாலும் ஒரு பத்தியே இருக்கும். படம் எளிதில் புரியும் என்பது அங்கே முடிவாக வருவதில்லை; முன்னுரையிலேயே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இதற்கிடையில், சரிபார்ப்பு வேறு வாசல் வழியாகப் பணியிடத்துக்குள் நுழைந்துவிட்டது. ஜாவா உலகில் ஆர்க்யூனிட் போன்ற நூலகங்களால், “இந்தப் பேக்கேஜின் கிளாஸ்கள் அந்தப் பேக்கேஜை நேரடியாக அழைக்கக்கூடாது” என்பது போன்ற வடிவமைப்பு விதிகளை யூனிட் டெஸ்டாகவே எழுதிவிடலாம். ஒவ்வொரு முறை நிரல் கட்டப்படும்போதும் அவை ஓடுகின்றன. குறிப்பிட்ட கிளாஸ்களைப் பேசாமல் “இத்தகைய கிளாஸ்கள் எல்லாம்” என்று குடும்பத்தைப் பேசும் விதிகள்தான் அவை. நிரலை ஓட்டாமலே, எழுதியதை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக்கூடியவையும்கூட. லெபஸ் வகுத்த அதே எல்லை. படம் மட்டும் இல்லை.

அங்கேயிருந்துதான் மீண்டும் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் சொல்லும் வரைமொழி தேவையில்லை. எழுத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விதியிலிருந்து லெபஸ் அளவுக்குச் சிக்கனமான ஒரு படத்தைக் கருவியே வரைந்து தரட்டும். அதில் கட்டாயமானவை அழுத்தமாகவும் விருப்பமானவை வெளிறியும் தெரியட்டும். வரிசைமுறை சார்ந்த பகுதிக்கு ஸ்டேட்சார்ட் போன்ற வேறொரு படம் பக்கத்தில் நிற்கட்டும். இரண்டையும் ஒரே படத்தில் திணிக்க வேண்டாம். பிறகு ஃபேக்டரி மெத்தட், அப்சர்வர், விசிட்டர் மூன்றையும் எடுத்து, ஒரே விதியைப் படமாக ஒரு குழுவுக்கும், தர்க்க வாய்பாடாக இன்னொன்றுக்கும், நான்கு வரிக் கமென்டாக மூன்றாவதற்கும் கொடுக்க வேண்டும். விதியை மீறும் ஒரு திருத்தத்தை நிரலில் வைத்துவிட்டு, யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள், யார் மீறல் இல்லாத இடத்தில் மீறல் என்கிறார்கள் என்று எண்ண வேண்டும். விசிட்டரை இந்தச் சோதனையில் சேர்ப்பது முக்கியம். அதில் இரண்டு மரங்கள் ஒன்றையொன்று குறுக்காக அழைக்கின்றன; எழுத்தில் அதைப் பின்தொடர்வது கடினம். படம் வெல்லக்கூடிய இடம் ஏதேனும் உண்டென்றால் அது அங்கேதான் இருக்கும்.